திரும்பிப் பார்த்த அன்னம்

"என்ன நிறப் பெட்டி, பிள்ளை?"

"மண்ணிறம் ஐயா. பெட்டி போனால் போகட்டும். உள்ளுக்கை என்ரை கலியாணக் கூறை இருக்கு."

"கூறையெண்டால் எல்லாம் ஒரே சிவப்புத்தானே. இந்த மாசம் மட்டும் நாலு கூறை துலைஞ்சிருக்கு. உம்மடையை எப்பிடி அடையாளம் பிடிக்கிறது?"

"கரை முழுக்க அன்னம். எல்லாம் வரிசையா முன்னுக்குப் பாத்துக்கொண்டு போகுது. தலைப்புக்குக் கிட்ட ஒண்டு மட்டும் பின்னுக்குத் திரும்பிப் பாக்குது. நெசவுகாரன் விட்ட பிழை. இவர் கடையிலை மாத்தச் சொன்னவர். கூடப்போன எங்கடை அக்காதான் விடேல்லை. அந்த ஒரு அன்னத்துக்குத்தான் வீட்டு நினைப்பு இருக்கு எண்டவ."

"அக்கா கெட்டிக்காரி."

"ஐயோ, துலைஞ்சது அவவுக்கு மட்டும் தெரியக்கூடாது. இவர் பேசமாட்டார். அக்கா பேசினால் ஊர் கேக்கும்."

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தின் காணாமற்போன சாமான் பிரிவில் நடந்த பேச்சு அது. கம்பிக்கு அந்தப் பக்கம், கலியாணமாகிப் பத்து நாளேயான லோஜினி. இந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் நல்லைநாதர். ஒன்பதாம் நாள் பெட்டி வவுனியாவில் அகப்பட்டது. அவர் மூடியின் மேல் வெள்ளைப் பெயின்றால் 317 என்று பதிவு இலக்கத்தை எழுதி, வழக்கம்போல ஏழுக்கு ஒரு குறுக்குக் கோடும் இழுத்து, அவள் கையில் கொடுத்தார். அவள் பெட்டியைத் திறந்து முதலில் அந்த அன்னத்தைத்தான் தேடினாள்.

இப்போது போர்க்காலம், ரயில் இல்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளான பங்கர்களுக்குக் கூரையாகப் போய்விட்டன. பிளாட்பாரத்தில் ஆடு மேய்கிறது. ஆனாலும் சனங்கள் சாமான் தொலைப்பதை நிறுத்தவில்லை, நல்லைநாதர் தேடிக்கொடுப்பதையும் நிறுத்தவில்லை.

லோஜினியும் இல்லை. இறந்து ஆறு வருடம். கோண்டாவிலில் அவள் வாழ்ந்த வீட்டின் சமையலறையில்தான், அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், நல்லைநாதர் ஒரு மண்பானையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

பானை நிறைய ஈர மணல். கரண்ட் போய் மூன்று வருடமாகிவிட்ட ஊரில், குளிரில் வைக்கவேண்டிய மருந்துக்கு அதுதான் பெட்டி. மணலின் நடுவில் ஒரு சிறு குழி. அந்தக் குழிக்குள் இருக்கவேண்டிய இன்சுலின் போத்தல் இல்லை.

"கடைசியா எப்ப கண்டனீர், தம்பி?"

லோஜினியின் கணவன் குகநேசன் சுவரில் சாய்ந்து நின்றான். இரண்டு நாள் தாடி. "நேற்றுக் காலமை ஆரபிக்கு ஊசி போடேக்கை இருந்தது. பின்னேரம் பாத்தால் இல்லை."

ஆரபி அவனுடைய ஒரே மகள். பதினொரு வயது. இரண்டு வருடமாகச் சீனி வருத்தம். நேற்றுப் பின்னேர ஊசியும் இல்லை, இன்று காலை ஊசியும் இல்லை. விடியற்காலையில் மயங்கி விழுந்தவளைச் சைக்கிள் கரியரில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தான்.

"இப்ப ஆர் பக்கத்திலை?"

"முன்வீட்டு மனோன்மணி அக்கா. கண் திறக்கிறாள், கதை இல்லை. ஆஸ்பத்திரியிலை ஒரு துளி மருந்து கிடையாது. மருந்து வாற கப்பல் ஞாயிற்றுக்கிழமைதான். அதுமட்டும் தாங்காது, இண்டைக்கு ஐஞ்சு மணிக்குள்ளை ஒரு ஊசியாவது போகோணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

நல்லைநாதர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்றரை.

வாசலில் நின்ற எமிலியாம்பிள்ளை உள்ளே தலையை நீட்டினார். ஐம்பது வயது, ஈர்க்கில் உடம்பு, வாடகைக் கார் சாரதி. பெற்றோல் இல்லாத ஊரில் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு ஏ ஃபோட்டி காருக்குச் சொந்தக்காரர். நல்லைநாதரின் கால்களும், பாதி வாயும் அவர்தான்.

"ஐயா, உந்தத் தட்டிலை கிடக்கிறது ஊசி தானே?"

பானைக்குப் பக்கத்தில், அவித்த துணியில் சுற்றி, சிரிஞ்ச் ஒன்று பத்திரமாக இருந்தது.

"ஓம். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவோ? கார்பரேட்டருக்குப் பெற்றோல் சொட்டு விட ஒரு ஊசி தேடி ஆறு மாசமா நாயா அலையிறன். மருந்தையாவது கப்பல் கொண்டுவரும், உதை ஆரும் கொண்டுவாறேல்லை. நான் கள்ளனெண்டால் போத்தலை விட்டிட்டு ஊசியைத்தான் தூக்கியிருப்பன்."

நல்லைநாதர் மெல்லத் திரும்பினார். "எமில், உம்மடை வாயாலை புத்தி வந்திருக்கு."

"பதிஞ்சு வையுங்கோ. அடுத்தது எப்ப வருமோ தெரியாது."

"போத்தலை எடுத்தவன் ஊசியைத் தொடேல்லை. ஏன்? அவனுக்கு அந்த ஊசி இஞ்சையே வேணும். திரும்பவும் இந்த வீட்டிலை வைச்சுத்தான் மருந்தை ஏத்தப்போறான்." அவர் பானையின் வயிற்றைத் தொட்டார். கை நனைந்தது. "பானைக்கு இண்டைக்கும் தண்ணி தெளிச்சிருக்கு. மருந்து களவு போட்டுதெண்டால் வெறும் மண்ணுக்கு ஏன் தண்ணி? திரும்பி வரும் எண்டு தெரிஞ்ச ஆள்தான் இடத்தைக் குளிரா வைச்சிருக்கும். தம்பி, இது களவில்லை. ஒளிச்சு வைச்சிருக்கு."

குகநேசனின் கண் ஒருமுறை பின்வாசல் பக்கம் போய் வந்தது. நல்லைநாதர் அந்தக் கண்ணின் பின்னால் நடந்தார்.

கொல்லையில் பலா மரத்தடியில் பங்கர். அடி வரிசைகளில் மண்மூட்டைகள் பாசி பிடித்துக் கிடந்தன. மேல் இரண்டு வரிசை இருந்த இடம் மட்டும் வெளிறி, எறும்பு ஓடிக்கொண்டிருந்தது.

"மேல் வரிசை எங்கை?"

"கொண்டு போயிட்டினம்." குகநேசன் வெளிறிய இடத்தைக் கையால் தடவினான். "பள்ளிக்கூடத்துக்குப் பங்கர் கட்டவெண்டு நேற்று இரவு வண்டிலிலை வந்து வீட்டுக்கு இருபது பை எடுத்தவை. நான் அப்ப ஆரபியோடை உள்ளுக்கை இருந்தனான். காலமை எழும்பிப் பாத்தால், அந்தப் பையும் இல்லை."

"எந்தப் பை?"

அவன் பங்கரின் விளிம்பில் அப்படியே குந்திவிட்டான்.

"செஞ்சிலுவைக் கப்பல் திரும்பிப் போகேக்கை கடும் வருத்தக்காரரைக் கொழும்புக்கு ஏத்தும் ஐயா. ஆரபியின்ரை பேரை எழுதக் கேட்டன். கையிலை மருந்து இருக்கிற பிள்ளைக்கு இந்த முறை இடமில்லை எண்டினம். இருக்கிற போத்தல் இருபது நாளைக்குக் காணும். அதுக்குப் பிறகு? அடுத்த கப்பல் எப்ப எண்டு கடவுளுக்கும் தெரியாது. அதுதான், மருந்து களவு போட்டுதெண்டு சொல்லிப் பேர் எழுதுவிச்சன். போத்தலைப் பங்கருக்கை ஈரமா இருந்த பையொண்டின்ரை வாய்த் தையலைப் பிரிச்சு உள்ளுக்கை வைச்சன். நேற்றுப் பின்னேரம் பேர் எழுதுற ஆக்கள் நிண்டதாலை விட்டிட்டன், விடியமுன்னம் நானே ஒளிச்சு ஊசி போடுவம் எண்டு நினைச்சன்."

எமில் கிட்ட வந்து அவனுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"பேர் எழுதியாச்சு. இப்ப பிள்ளை மெய்யாவே..." அவன் முடிக்கவில்லை.

"கூட ஆர் போறதெண்டு யோசிச்சனீர்?" நல்லைநாதர் கேட்டார். "தனிய விடமாட்டினமே."

"எனக்கு ஊரை விட்டு வெளிக்கிடப் பாஸ் தரமாட்டினம். ஐம்பது தாண்டின ஆக்கள்தான் சுகமா எடுக்கலாம், அதுக்கும் பிணைக்கு ஒரு ஆள் இஞ்சை நிக்கோணும்."

"சொந்தத்திலை அப்பிடி ஒருத்தரும் இல்லையோ?"

பதில் வரச் சற்று நேரம் பிடித்தது. "இல்லை."

அந்தச் சற்று நேரத்தை நல்லைநாதர் குறித்துக்கொண்டார். "சரி. ஆயிரம் மூட்டைக்கை அந்தப் பையை எப்பிடி அடையாளம் பிடிக்கிறது?"

உரம் வராத ஊரில் உரப்பையும் இல்லை. சாக்கு கண்ணாலும் காணக் கிடைக்காது. வீட்டுக்கு வீடு பெண்கள் சேலைகளை வெட்டிப் பை தைத்து மண் நிரப்பினார்கள். மனைவி இல்லாத குகநேசன், மனைவியின் சேலைகளைத் தானே தைத்தான். நூல் சேலை, வாயில் சேலை, கடைசியில் தட்டில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"லோஜினியின்ரை கூறை," என்றான். "பை மாறிப்போகாமல் இருக்கத்தான் அதுக்கை வைச்சனான்."

நல்லைநாதரின் காதில் ஒரு பழைய குரல் கேட்டது. ஒன்று மட்டும் பின்னுக்குத் திரும்பிப் பாக்குது.

"எழும்பும்," என்றார். "அந்தக் கூறையை நான் ஏற்கெனவே ஒருக்காத் தேடிப் பிடிச்சனான்."

எமில் கண்மருந்துப் போத்தலால் கார்பரேட்டருக்குள் பெற்றோல் சொட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. கார் இருமி, குலுங்கி, நீலப் புகையோடு உயிர் பெற்றது.

"கடைசிச் சொட்டு ஐயா. இனி இவள் நிண்டால் எழும்பமாட்டாள். மண்ணெண்ணெயிலை ஓடுவாள், எழும்பிறதுக்கு மட்டும் பெற்றோல் கேப்பாள். பணக்காரி குணம். எங்கை போனாலும் எஞ்சினை நிப்பாட்ட ஏலாது."

பாதி வழியில் குண்டு விழுந்த பள்ளம். தோட்டங்களுக்குள்ளால் சுற்றிப் போனதில் முக்கால் மணித்தியாலம் போயிற்று. கொக்குவிலில் அந்தப் பள்ளிக்கூட மைதானத்தை அடைந்தபோது இரண்டரை.

புதிய பங்கர் ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. பச்சை, ஊதா, மாம்பழ மஞ்சள். ஊரின் சேலைத் தட்டுகளெல்லாம் வெயிலில் வந்து அடுக்கி நின்றன.

"இதைப் பாத்தால் குண்டு போட வாற பொம்பர்காரன் கலியாண வீடெண்டு நினைச்சுச் சாப்பிட இறங்கப்போறான்," என்றார் எமில்.

குகநேசன் சிரிக்கவில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினான். சிவப்பு வந்த இடமெல்லாம் கரையைத் துடைத்துப் பார்த்தான். அரக்குச் சிவப்பில் பதினாறு பை. மயில் கரை, உருத்திராட்சக் கரை, வெறும் கோட்டுக் கரை. அன்னம் இல்லை.

மேற்கில் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது.

"உள்ளுக்கை வாங்கோ, கெதியா," என்று பங்கருக்குள்ளிருந்து ஒரு குரல். பள்ளிக்கூட வாட்ச்சர் அப்புத்துரை. மூவரும் உள்ளே பாய்ந்தார்கள். மேலே பனங்குற்றிகள், சுற்றிலும் சேலைகள், ஈர மண் வாடை. எங்கோ தூரத்தில் தடதடவென்று சுட்டது. ஹெலி தலைக்கு மேலே வட்டமடித்தது. குகநேசன் இருட்டிலும் நிற்காமல், சரிகை தட்டுகிறதா என்று ஒவ்வொரு பையாகத் தடவிக்கொண்டே போனான்.

"உந்தத் தம்பி என்ன தேடுறார்?" அப்புத்துரை கேட்டார்.

"ஒரு கூறைச் சேலைப் பை," என்றார் நல்லைநாதர். "அன்னக் கரை."

"அட, அதுவோ. அது காலமை கைமாறிப் போட்டுதே."

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"எங்கை போட்டுது?"

"ஒரு அம்மா சைக்கிள்ளை றோட்டாலை போனவ, திடுக்கிட்டு இறங்கினா. நேரை வந்து அந்தப் பையைத் தடவித் தடவிப் பாத்தா. கரையிலை மண்ணைச் சுரண்டி எதையோ தேடினா. பிறகு, இதைத் தாங்கோ, பதிலுக்கு மூண்டு சணல் சாக்குத் தாறன் எண்டா. இந்தக் காலத்திலை மூண்டு சாக்கு ஐயா. குடுக்காமல் விடுவனே? மண்ணோடை தூக்கிக் கரியரிலை கட்டிக்கொண்டு போட்டா."

"ஆள் எப்பிடி?"

"நான் சாக்கைத்தான் பாத்தனான். முகத்தைப் பாக்கேல்லை."

"நல்ல காவல்," என்று தொடங்கிய எமில் வசனத்தை முடிக்கவில்லை. தும்மினார். மறுபடி தும்மினார். ஏழாவது தும்மலில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஆர் இஞ்சை கறி வைக்கிறது?"

அவர் சாய்ந்திருந்தது வாசலோரத்து மூட்டைகளில். சணல் சாக்கு, மூன்று. நல்லைநாதர் விரலால் ஒன்றைத் தட்டி முகர்ந்தார். வறுத்த மிளகாய்த் தூள்.

"எமில், சாக்கை வீடு நிறைய வைச்சிருக்கிறது ஆர், மிளகாய் வாடையோடை?"

"அரைக்கிற மில்லுக்காரர். அச்..." மீண்டும் தும்மல்.

"கரையைச் சுரண்டி அவ தேடினது என்னத்தை? திரும்பிப் பாக்கிற அன்னத்தை. அப்பிடி ஒண்டு இருக்கெண்டு உலகத்திலை நாலு பேருக்குத்தான் தெரியும். லோஜினி இப்ப இல்லை. ஒண்டு நான். ஒண்டு, அதை மாத்தச் சொன்ன இந்தத் தம்பி." அவர் இருட்டில் குகநேசன் இருந்த பக்கம் திரும்பினார். "நாலாவது ஆள் இப்ப என்ன தொழில் செய்யிறா?"

குகநேசன் தடவிய பையிலிருந்து கையை எடுத்தான்.

"மில்," என்றான் குகநேசன். "இணுவிலிலை."

ஹெலி விலகியபோது மூன்று மணி ஐந்து நிமிடம். கார் தனியாகக் குலுங்கிக்கொண்டு காத்திருந்தது. குகநேசன் கதவைப் பிடித்தபடி ஏறாமல் நின்றான்.

"நீங்கள் போங்கோ ஐயா. நான் அந்த வாசல் படலைக்குப் போகமாட்டன்."

"ஏன்?"

"லோஜினிக்கு வயித்துக் குத்து வந்த நேரம், றோட்டுப் பூட்ட முந்திக் கொழும்புக்கு அனுப்பு எண்டு மச்சாள், அவளின்ரை அக்கா, வந்து கத்தினவ. நான் நாளைக்குப் பாப்பம் எண்டன். அடுத்த நாள் றோட்டுப் பூட்டியாச்சு. செத்த வீட்டிலை, எல்லாருக்கும் முன்னாலை, நீர்தான் அவளைச் சாகடிச்சது எண்டா. அவவின்ரை கையைப் பிடிச்சு வெளியிலை விட்டுப் படலையைச் சாத்தினன்." அவன் நிலத்தைப் பார்த்தான். "லோஜினி சாகேக்கை ஒண்டே ஒண்டுதான் சொன்னவள். ஆரபியை அக்காவிட்டைக் குடுங்கோ, அக்காவிட்டைக் கேளுங்கோ எண்டு. ஓமெண்டன். கேக்கேல்லை. ஆறு வருசமாக் கேக்கேல்லை. இப்ப எந்த முகத்தோடை?"

"இருக்கிற முகத்தோடை," என்றார் எமில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "எனக்கும் இதுதான் முகம். இதை வைச்சுத்தான் பொம்பிளை எடுத்தனான். ஏறும் தம்பி, டாங்கியிலை ரெண்டு போத்தல்தான் கிடக்கு."

நல்லைநாதர் மணிக்கூட்டை அவனுக்கு முன்னால் நீட்டினார். குகநேசன் ஏறினான்.

இணுவிலில் மில்லின் இயந்திரச் சத்தம் தெரு முனையிலேயே கேட்டது. வேலிக்கு மேலால் கொடி தெரிந்தது. கொடியில், தையல் பிரித்துத் துவைத்த அரக்குச் சிவப்புத் துணி நீளமாகக் காய்ந்துகொண்டிருந்தது. கரையில் அன்னங்கள் வரிசையாகப் போயின. தலைப்போரத்தில் ஒன்று திரும்பிப் பார்த்தது.

லோஜினியின் அக்கா தவமலருக்கு ஐம்பத்துமூன்று வயது. தலையில் துணி, புருவத்திலும் மிளகாய்த் தூள். நல்லைநாதரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் படலைக்கு வெளியே நின்றவனைப் பார்த்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள்.

"ஐயா, நீங்கள் உள்ளுக்கை வரலாம். கூட வந்தவருக்குச் சொல்லுங்கோ, துணி வாங்க வந்திருந்தால் திருப்பித் தரமாட்டன் எண்டு. என்ரை தங்கச்சி உடுத்ததை மண்ணுக்கை போட்டு நாய் மூத்திரம் பெய்ய விட்ட மனிசனுக்கு நான் ஒண்டும் தரவேண்டியதில்லை."

"துணி வேண்டாம் பிள்ளை. அதுக்குள்ளை இருந்த மண் எங்கை?"

"மண்ணோ?"

"மண்தான்."

"கிணத்தடி வாழைக்குக் கொட்டினன். ஏன்?"

"அதுக்கை ஆரபியின்ரை மருந்துப் போத்தல் இருக்கு. ஐஞ்சு மணிக்குள்ளை அது ஆஸ்பத்திரிக்குப் போகோணும். போகாட்டில் பிள்ளை இல்லை."

தவமலர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மில்லுக்குள் ஓடி மா அரிக்கும் இரண்டு அரிதட்டுகளோடு வந்தாள். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டாள். மற்றதைப் படலைக்கு வெளியே நின்றவனின் நெஞ்சில் அழுத்தினாள். குகநேசன் ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தப் படலைக்குள் கால் வைத்தது அப்படித்தான், அரிதட்டும் கையுமாக.

கூறை துவைத்த தண்ணீரெல்லாம் வாய்க்காலால் ஓடி அந்த மண்ணில்தான் தேங்கியிருந்தது. சேறு. நல்லைநாதர் அள்ளிக் கொடுத்தார். இருவரும் எதிரெதிரே முழங்காலில் நின்று அரித்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கல், வேர், ஓட்டுத் துண்டு, ஒரு சட்டைத் தெறி. தவமலரின் விரலில் ஏதோ வெட்டி இரத்தம் வந்தது. கண்ணாடியோ என்று மூவரும் உறைந்தார்கள். சிப்பி.

"மண்ணெண்ணெய் இறங்குது," என்று தெருவிலிருந்து எமிலின் குரல்.

வாழையின் அடியில் கடைசிக் குவியல். குகநேசனின் அரிதட்டில் ஒரு சிறிய பொட்டலம் உருண்டு விழுந்தது. பேப்பர்த்தாள் வராத ஊரில் கொப்பித் தாளில் அச்சடித்த பத்திரிகை, நீலக் கோடுகளோடு, கசங்கி நனைந்திருந்தது. சேற்று விரல் வழுக்கி அவனால் அதைப் பிரிக்க முடியவில்லை. தவமலர் பறித்துப் பிரித்தாள். போத்தல் உடையவில்லை. மூடி திறக்கவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தாள். தெளிவாக இருந்தது.

"குளிர்த் தண்ணியிலை நனைச்ச துணி வேணும்," என்றார் நல்லைநாதர்.

"மில்லுக்குள்ளை பானையும் துணியும் இருக்கு ஐயா, எடுங்கோ." அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நல்லைநாதர் உள்ளே போனார். சுவர், இயந்திரம், வாங்கு, தராசு, எல்லாவற்றிலும் விரல் கனத்துக்கு மிளகாய்த் தூள் படிந்திருந்தது. துணியை நனைத்துப் பிழிந்தவரின் கண் வாங்கின் கீழே போய் நின்றது. ஒரே ஒரு சாமானில் மட்டும் தூசி இல்லை. மண்ணிறச் சூட்கேஸ். மூடியில் வெள்ளைப் பெயின்றில் 317. ஏழுக்குக் குறுக்குக் கோடு.

தூசி இல்லையென்றால் அடிக்கடி திறக்கிறார்கள். முப்பது வருடம் பிறத்தியாரின் பெட்டிகளைத் திறந்து பழகிய கை, தயங்கிவிட்டுத் திறந்தது.

சிறு பிள்ளைச் சட்டைகள். ஆறு. அடியில் ஆறு வயதுப் பிள்ளைக்கு, மேலே போகப் போகப் பெரிதாகி, கடைசிச் சட்டை பதினொரு வயதுக்கு. ஒன்றும் உடுத்தியதில்லை. அவற்றின் மேல் தவமலர் பெயரில் ஒரு பயணப் பாஸ். மூன்று முறை புதுப்பித்த முத்திரை. கடைசி முத்திரை இந்த மாதம்.

அவர் சட்டையையும் பாஸையும் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். குகநேசன் சட்டையைப் பார்த்தான். பார்வை அதிலேயே நின்றது.

"மூண்டு தரம் பாஸ் எடுத்திருக்கிறியள் பிள்ளை. ஒருக்காலும் போகேல்லை."

தவமலர் சேற்றுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"பிள்ளைக்கு வருத்தம் எண்டு கேள்விப்பட்ட நாளிலையிருந்து எடுத்து, லோஜினி தந்த பெட்டியிலை வைச்சிருக்கிறன். என்னிட்டை ஆரும் கேக்கேல்லை ஐயா."

"நீங்களாப் போய்ச் சொல்லியிருக்கலாம்."

"ஒருக்காப் போனன். படலை சாத்தினது. ரெண்டாந் தரமும் சாத்தினால், இவ்வளவும் தைச்சு வைச்சதுக்கு அர்த்தமில்லாமல் போடும் எண்டு பயந்திட்டன்." அவள் பார்வை கொடியில் ஆடிய துணியில் இருந்தது. "பள்ளிக்கூடம் விடுற நேரம் றோட்டிலை நிண்டு அவளின்ரை உயரத்தை மட்டும் பாத்துக்கொண்டு வருவன்."

தெருவில் கார் இருமியது. ஒருமுறை அடங்கி, மறுபடி மூச்சுப் பிடித்தது.

"ஐயா," எமில் கத்தினார். "இவள் சாகிறதுக்குக் குருசு போடத் தொடங்கீட்டாள். இப்ப வந்தால் ஆஸ்பத்திரி, இல்லாட்டில் ஓட்டப் பந்தயம்."

நல்லைநாதர் போத்தலை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்து, காருக்கு ஓடினார். மூன்றே முக்கால். முன் இருக்கையில் ஏறிக் கதவைப் பிடித்தபடி திரும்பினார்.

குகநேசனும் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தான். படலை வரை வந்தவன், அங்கே நின்றான். சேறு அப்பிய கையால் படலைத் தடியைப் பிடித்தான்.

"தம்பி, ஏறும்," என்றார் எமில்.

நல்லைநாதர் எமிலின் தோளில் கை வைத்தார். "ஒரு நிமிசம். எஞ்சினை மட்டும் சாகவிடாதையும்."

"காத்து நிக்க ஒரு நிமிசத்துக்குத்தான் எண்ணெய் இருக்கு."

குகநேசன் திரும்பினான். கிணற்றடியில் தவமலர் எழுந்து நின்றாள், அந்தக் கடைசிச் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. அவர்களுக்கு நடுவில் கூறை காற்றில் ஆடியது.

அவன் கூப்பிட்டான், தெருவுக்கே கேட்கும்படியாக.

"மச்சாள், நான்தான் அண்டைக்கு நாளைக்குப் பாப்பம் எண்டன். இண்டைக்கு அப்பிடிச் சொல்லமாட்டன். பிணைக்கு நான் இஞ்சை நிக்கிறன். ஆரபியைக் கப்பலிலை கூட்டிக்கொண்டு போங்கோ."